சுரண்டாமல் விட்ட மெழுகு

எங்கள் வீட்டில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் துணிமீது வைக்கக் கூடாது. அவசரத்தில் ஒரு நாள் அதை எடுத்து என் புடவை ஒன்றில் வைத்துவிட்டேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு ஏறிவிட்டது. அன்று பார்த்து நல்ல மழை. பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடி வருவதற்குள் புடவை முழுக்க நனைந்தது. மெழுகு ஏறிய இடத்தில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடியது. பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல துணியாக இருக்கிறதே, எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்று கேட்டார். பனிச்சறுக்குப் பலகைக்குப் போடும் மெழுகு என்று சொன்னேன். அவர் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தார்.

கடலூரில் பனி என்றால் மார்கழி விடியலில் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க வைக்கும் பனிதான். அப்படிப்பட்ட ஊரில் என் படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் என்னைவிடக் கொஞ்சம் உயரமான இரண்டு பலகைகள் எட்டு மாதம் சாய்ந்து நின்றன. அவை என் மகளுடையவை. சிதம்பரத்தில் பட்டப்படிப்பு முடித்தவள், இமாசலத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலைக்குத்தான் போனாள். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால், மலைச்சரிவில் அடுத்தவர்களுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். எப்படி மாறினாய் என்று கேட்டதற்கு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் வெளியே போய்விட்டேன் என்றாள்.

போன பிப்ரவரியில் விழுந்தாள். இடது முழங்காலுக்குள் ஒரு தசைநார் அறுந்துபோயிற்று. எனக்கு அந்தச் செய்தி பிளஸ் டூ இயற்பியல் செய்முறை வகுப்பில் வந்தது. தெரியாத எண், தெரியாத குரல், தெரியாத இந்தி. அதில் அவள் பெயரும் ‘ஆஸ்பத்திரி’யும் மட்டும் புரிந்தன. என் கையில் இருந்த தனி ஊசல் குண்டு எப்போது கீழே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. மாணவிகள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். சண்டிகரில் அறுவை சிகிச்சை முடிந்து, மார்ச் கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தோம். இன்றைக்கும் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால், அது கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாகவே இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ரயிலில் அந்தப் பலகைகளின் நீளப் பையைப் பார்த்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் பையை மேலே வைத்துக் கட்டும்போது, “உள்ள என்னம்மா, நாகசொரமா?” என்று கேட்டார். என் கணவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம். வீடு வரைக்கும் ஆட்டோக்காரர் தன் மகளின் கல்யாணத் தேதியைச் சொல்லி, அன்று எங்களால் வர முடியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடற்காற்றுக்கு எங்கள் தெருவில் சைக்கிள் கம்பியே ஆறு மாதத்தில் சிவந்துவிடும். பலகைகளின் இரண்டு ஓரமும் இரும்பு. மூன்று வாரத்தில் அதில் செம்மண் கோடு ஓடியது. மகள் கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். அடிப்பாகம் வேறு வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பலகையின் அடியில் ஒட்டியிருப்பது ஒரு வகை பிளாஸ்டிக். அது மெழுகைக் குடிக்கும். குடித்த மெழுகு தீர்ந்துவிட்டால் காய்ந்துபோய் இப்படி வெளுக்கும். அதற்கு மெழுகு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றாள். அவளால் நின்று அழுத்த முடியாது. நான் செய்கிறேன் என்றேன். அந்தப் பலகைகளை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் படுத்தே கிடந்தவள் முதல் முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. மெழுகும் பிரஷ்ஷும் அவள் பையிலேயே இருந்தன. பலகையைத் தலைகீழாக இரண்டு நாற்காலிகள்மேல் வைக்க வேண்டும். பித்தளை முடி வைத்த பிரஷ்ஷால் முனையிலிருந்து வால் வரைக்கும் ஒரே திசையில் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் மெழுகுக் கட்டியை அழுத்தினால் சொட்டும். அந்தச் சொட்டுகளைப் பலகை நெடுகக் கோலப்புள்ளி மாதிரி விட்டுக்கொண்டே போய், பிறகு பெட்டியை மேலே வைத்து நிறுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு நொடி நின்றாலும் அடிப்பாகம் பொசுங்கிவிடும். மெழுகு நன்றாக ஆறிய பிறகு, மேலே நிற்பதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதுதான் எனக்கு முதலில் விளங்காத இடம். பாடுபட்டுப் போட்டதை ஏன் எடுக்க வேண்டும்? உள்ளே போனதுதான் வேலை செய்யும், மேலே நிற்பது கெடுக்கும் என்றாள். ஆனால் வெயில் காலம் முழுக்கச் சும்மா வைத்திருக்கும்போது சுரண்டாமல் தடிப்பாக விட்டுவிடலாம், அது இரும்பு ஓரத்தையும் துருவிலிருந்து காக்கும் என்றும் சொன்னாள்.

அப்படித்தான் முதலில் செய்தோம். என் கல்யாணத்துக்கு வந்த பழைய கனத்த இஸ்திரிப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அதில் பட்டு, பருத்தி என்று குறி இருந்தது. பட்டுக்கும் பருத்திக்கும் நடுவில் வைத்தால் மெழுகு புகையாமல் உருகியது. ஆனால் அது கடலூர் சித்திரை. போட்ட மெழுகு இறுகாமல் வெண்ணெய் மாதிரி நின்றது. சிதம்பரத்தில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் என் தம்பி அன்றைக்கு வந்திருந்தான். அவனுக்கு இந்த விஷயம் முழுக்கவே வேடிக்கை.

“அக்கா, முதுநகர்ல ஐஸ் கம்பெனில நமக்குத் தெரிஞ்சவுங்க இருக்காங்க. சொல்லி வுடுறேன். வஞ்சிர மீனுக்குப் பக்கத்துல ரெண்டு நாள் படுத்துக் கெடக்கட்டும்.”

“மாமா, அப்புறம் மலையில இருக்குற பூனையெல்லாம் என் பின்னாடிதான் வரும்” என்றாள் மகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

கடைசியில் ஏசி இருக்கும் எங்கள் படுக்கையறைக்குள் வேலை போயிற்று. மெழுகு இறுகியது. இரும்பு ஓரத்தையும் மூடி, தடிப்பாக, கேக் மேல் போட்ட கிரீம் மாதிரி விட்டோம். பலகைகள் பீரோவுக்குப் பின்னால் போயின. அவை அங்கேயே இருந்துவிடும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கால் தேறியது. தேறக் கூடாது என்று எந்தத் தாயும் நினைக்க மாட்டாள். நானும் நினைக்கவில்லை. தேறும் வேகத்தைத்தான் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் கைத்தடியை விட்டாள். ஆகஸ்டில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடந்தாள், அக்டோபரில் அதே மைதானத்தில் ஓடினாள். நவம்பரில் புதுச்சேரி டாக்டர் முழங்காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி உன் இஷ்டம் என்றார். அவள் இஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியும். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டாள்.

கிளம்புவதற்கு முன் மாமா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சிதம்பரம் போனாள். பலகைகளைச் சுரண்டி, புது மெழுகு வைத்து, மறுபடி சுரண்டி, பையில் போட்டு வைக்கிறேன் என்று நானே முன்வந்து சொன்னேன். அதற்குள் எனக்கு இந்த வேலை கைவந்திருந்தது. தம்பி ஒரு பல் டாக்டர் பெயர்ப்பலகையில் மிச்சமான அக்ரிலிக் துண்டை வெட்டி, ஓரத்தை அரத்தில் தேய்த்து, நல்ல கூர்மையான சுரண்டியாகச் செய்து அனுப்பியிருந்தான். அதைச் சரியாகப் பிடித்து இழுத்தால் மெழுகு தேங்காய்த் துருவலைப் போலச் சுருண்டு வரும். முதல் பலகையின் பழைய மெழுகை எடுத்தபோது தரை முழுக்க வெள்ளைத் துருவல். காப்பி டம்ளரோடு உள்ளே வந்த என் கணவர் அதில் கால் வைத்து, மொசைக் தரையில் கட்டில் வரைக்கும் சறுக்கிப் போய் உட்கார்ந்தார். காப்பி ஒரு சொட்டு சிந்தவில்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டு, “மச்சான், பனியே இல்லாம நான் சறுக்குறதுல பாஸ் பண்ணிட்டேன்” என்று சொல்லிக்கொண்டார்.

புது மெழுகு வைத்தேன். ஆறியது. கடைசிச் சுரண்டல்தான் பாக்கி. சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

இதை நன்றாகச் சுரண்டி, நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், இந்தப் பலகை வேகமாகப் போகும். அவள் சொன்னதுதான். நல்ல அடிப்பாகம் பனிமேல் தானாக ஓடும் என்று கண் மின்னச் சொல்லியிருக்கிறாள். நான் இருபது வருஷமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உராய்வு நடத்துகிறவள். உராய்வு ஜாஸ்தி என்றால் வேகம் கம்மி. வேகம் கம்மி என்றால் விழுந்தாலும் அடி கம்மி. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஒருவரும் மறுத்துப் பேச முடியாத கணக்கு அது. என் மகளின் காலுக்கும் அந்த மலைச்சரிவுக்கும் நடுவில் இருப்பது இந்த மெழுகு ஒன்றுதான். அதுவும் இப்போது என் கையில் இருக்கிறது.

பேருக்குச் சுரண்டினேன். ஓரங்களில் வழிந்ததையும் பலகையின் நடுவே நீளமாக ஓடும் பள்ளத்தில் நின்றதையும் பார்வைக்குச் சுத்தமாக எடுத்தேன். மற்ற இடத்தில் மெல்லிசாக ஒரு படலத்தை அப்படியே விட்டு, அதன் மேலேயே துணி போட்டுத் தேய்த்து மினுக்கினேன். பார்த்தால் தெரியாது. பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து வந்தவள் பையைத் திறக்கவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு, “சூப்பர்மா, நீ அங்க வந்தா உனக்கே வேலை குடுப்பாங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்போதும் நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. தடுப்பூசி போடும்போது குழந்தையிடம் கேட்டுக்கொண்டா போடுகிறோம்?

ரயில் சாயங்காலம். காலையில் நானும் அவளும் திருவந்திபுரம் போனோம். அவள் கால் நல்லபடியாக ஆக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாளாகப் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. தேவநாதரைச் சேவித்துவிட்டு எதிரில் இருக்கும் சின்ன மலைக்குப் படியேறினோம். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். நான் நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டேன். அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மாதத்தில் நான் கேட்காத ஒன்றை அங்கேதான் கேட்டேன். எப்படி விழுந்தாய் என்று. கேட்டால் கண்முன் வந்துவிடும் என்று பயந்து, எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிடுகிறாய் என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். வேகமாகப் போய் எதிலாவது மோதியிருப்பாள் என்று நானாகவே ஒரு படம் ஓட்டி வைத்திருந்தேன்.

“மோதல்லாம் இல்லம்மா. வேகமாக்கூட போவல” என்றாள். “ரெண்டு மூணு வாரமா மெழுகே வெக்கல, சோம்பேறித்தனம். மத்தியானம் வெயில்ல பனி ஈரமாயிடும். நெழல்ல நல்லாதான் போச்சு. வெயிலுக்கு வந்ததும் பலகை அப்படியே புடிச்சிக்கிச்சு. நான் முன்னாடி போறேன், பலகை வரல. முட்டி திரும்பிடுச்சு.”

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“எல்லாரும் வேகத்துல வுழுந்தேன்னு நெனக்கிறாங்க. நான் நின்னதுலதான் வுழுந்தேன்.”

கீழே ஒரு நாகசுரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நிற்கிறவர் ஏன் முன்னால் விழுகிறார் என்பது அடுத்த பாடம். அதையும் நான்தான் நடத்துகிறேன். அதே பிள்ளைகளுக்கு, அதே கரும்பலகையில். ஒரு மேடுபள்ளமான மெழுகுப் படலம், ஒரு இடத்தில் விட்டும் ஒரு இடத்தில் பிடித்தும் போகும் பலகை, அதன்மேல் என் மகள். எல்லாம் என் கையால் செய்தது.

ஆட்டோவில் சொல்லலாம் என்று இருந்தேன், சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தட்டைப் போட்டேன். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சுவை இரண்டாம் முறை பரிமாறும்போது அது தட்டுக்கு வெளியே விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் எனக்கு எப்போதும் கெட்டிக்காரத்தனம் வராது.

“அந்தப் பலகைய நான் சரியா சுரண்டல” என்றேன்.

பரவாயில்லை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். என்னால் விட முடியவில்லை.

“முடியாம வுடல. வேணும்னே வுட்டேன். நீ மெதுவா போவன்னு.”

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவினாள். அறைக்குப் போய்ப் பையின் ஜிப்பைத் திறந்து ஒரு பலகையைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். நகத்தின் முன்னால் மெழுகு சுருண்டு எழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. அங்கே தடிப்பு அதிகம். அந்தச் சுருளை விரலில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். என் கணவர் வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஏசியைப் போட்டுவிட்டுப் போனார்.

“இத போட்டுக்கிட்டு மொத நாளே நான் மறுபடி வுழுந்திருப்பேன்மா.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“காலையில. படியில.”

“நான் சொல்லலன்னா?”

சாயங்காலம் ரயில் ஏற்றிவிட்டு, கையை ஆட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அழுதேன். அவள் வந்து கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள வேண்டிய நேரமும் அது இல்லை.

பலகையைக் கீழே வைத்துவிட்டு, “பிசிக்ஸ் டீச்சர்னு வெளிய சொல்லிக்காத” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை, ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. நான்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். இரண்டு பலகைகளையும் அருகருகே தலைகீழாக வைத்தாள்.

சுரண்டி ஒன்றுதான். தம்பிக்குப் போன் செய்து அவசரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் அடிமட்டம் இருந்தால் அதன் ஓரத்தை அரத்தில் நேராகத் தேய்த்துக்கொள் என்றான். கரும்பலகைக்கு வைத்திருந்த பெரிய அடிமட்டத்தைக் கணவர் பாதியாக அறுத்துக் கொடுத்தார். அது மகளுடைய கைக்குப் போனது. நல்ல சுரண்டியை என்னிடம் நீட்டினாள்.

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி பலகைகள்தான். வலது, இடது என்று இல்லை. ஆனால் அவள் எப்போதும் ஒவ்வொன்றை ஒவ்வொரு காலில்தான் போடுவாளாம். முனையில் சின்னதாக ஒரு கீறல் இருந்த பலகையை என் பக்கம் தள்ளினாள்.

“இது எடது. நீ செய்யி.”

அடிபட்ட கால் அதுதானே, நீயே செய்துகொள்ளேன் என்றேன்.

“அதனாலதான் குடுக்குறேன்.”

முனையில் சுரண்டியை வைத்தேன். பயத்தில் லேசாகத்தான் இழுத்தேன் போலிருக்கிறது. அவள் தன் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலேயே, அழுத்தி இழு என்றாள். அழுத்தி இழுத்தேன். நீளமாக ஒரே சுருளாக வந்தது. மறுபடி முனைக்குப் போனேன். ஒரு இடமும் விடாமல், நகத்தை வைத்து வைத்துப் பார்த்து, எதுவும் எழும்பாத வரைக்கும் இழுத்தேன். பிரஷ் போட்டேன். துணியால் தேய்த்தேன். கறுப்பு அடிப்பாகத்தில் டியூப்லைட் ஒரு நேர்க்கோடாகத் தெரிந்தது. வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று செய்ததில்லை.

அவள் வந்து குனிந்து, உள்ளங்கையால் முனையிலிருந்து வால் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் கை நின்றது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள், எதுவும் எழும்பவில்லை. பிறகு கை நகர்ந்து வால்வரை போனது. பலகையைத் தூக்கிப் பையில் வைத்து ஜிப்பை மூடினாள்.